போட்டிக்குத் திரைக்கதை எழுதுவோர்க்கு

நம் நாட்டில் கதை எழுதுவோர் பலர். கதையைக் காட்சியாக எழுதத் தெரிந்தவர் மிகச் சிலர். திரைக்கதைப் போட்டி என்று ஓர் அறிவிப்பு வெளிவந்தால், தோட்டத்திலும் பட்டணத்திலுமுள்ள இளைஞர்கள் ஆர்வத்தோடு எழுதத் தொடங்குகின்றனர். ஆனால் அவர்கள் எழுதி முடித்துக் கொண்டுவந்து காட்டுவது பெரும்பாலும் சிறுகதையாக இருக்கிறது. அன்றேல் மேடை நாடகமாக இருக்கிறது. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்னும்போது எழுத்து எத்துணை இனிமையாக இருப்பினும் நடுவர் என்ன செய்வார்? கட்டுரை கேட்ட வினாவுக்குக் கடிதம் எழுதிய மாணவனுக்கு நாங்கள் செய்வதைத்தான் அவரும் செய்வார்.

இந்தக் குறை இளைஞர்களுடைய அறிவுக்குறையன்று. தமிழ்ச் சினிமா பிறந்து வளர்ந்த வரலாற்றிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. நம்முடைய பேசும் படம் நாடகக் கொட்டகையிலிருந்து நேரே நடந்து வந்தது. நடிகர், பாட்டு, வசனம் யாவும் அங்கிருந்தே வந்தன. 1937-ல் வெளிவந்த ‘அம்பிகாபதி’, 1942-ல் வெளிவந்த ‘கண்ணகி’ ஆகிய படங்களுக்கு இளங்கோவன் எழுதிய வசனம் புகழ் பெற்றபின், வசனகர்த்தா என்பவர் நடிகருக்கு நிகரான பெயரைப் பெற்றார். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டு 1952-ல் வெளிவந்த ‘பராசக்தி’க்கு மு. கருணாநிதி எழுதிய நீதிமன்ற வசனத்தை, படம் பார்த்தவரும் பாராதவரும் மனப்பாடம் செய்தனர். ‘கதை வசனம்’ என்று ஒரே மூச்சில் சொல்லும் வழக்கம் நமக்கு அப்படித்தான் வந்தது. கதைக்கும் வசனத்துக்கும் இடையில் திரைக்கதை என்று ஒன்று இருக்கிறது என்பதை நாம் மறந்தே போனோம்.

போட்டி என்னும் முறையும் நமக்கு நாடகத்தின் வழியாகவே அறிமுகமாயிற்று. டி. கே. எஸ். சகோதரர்கள் புதிய நாடகாசிரியர்களைத் தேடி நடத்திய போட்டியில் அரு. ராமநாதனின் ‘இராஜராஜ சோழன்’ பரிசு பெற்றது. அவர்களே அதனை 1950-களில் மேடையேற்றினர். 1973-ல் அது ஏ. பி. நாகராஜனின் டைரக்‌ஷனில் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகவும் வந்தது. போட்டிக்கு எழுதிய ஓர் எழுத்து இவ்வளவு தொலைவு போகக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் அகன்ற திரையில் பார்க்கும்போதும் அதில் மேடையின் வாடை வீசுகிறது என்பது என் கருத்து. அரசவையில் நின்று பேசுகிறார்கள். பேசி முடித்துப் போகிறார்கள்.

மலாயாவில் இதனோடு வானொலியும் சேர்ந்துகொண்டது. லயத்து வீடுகளில் வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்கே பல உண்டு. கதவு திறக்கும் ஓசை, காலடி ஓசை, பிறகு பேச்சு. காதால் கதை கேட்கும் பயிற்சியில் நம்மவர் தேர்ந்தவர்கள். அந்தப் பயிற்சியோடு பேனாவை எடுப்பவர், பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளும்படி எழுதிவிடுகிறார். “அண்ணே, நம்ம அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் நீங்கதானே எங்களை வளர்த்தீங்க” என்று தங்கை அண்ணனிடம் சொல்வாள். அண்ணனுக்குத் தெரியாத செய்தியா அது? நடுவருக்குத் தெரிவிப்பதற்காக அவள் சொல்கிறாள்.

ஒரு விந்தையைக் கவனியுங்கள். ‘அம்பிகாபதி’யை டைரக்ட் செய்த எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். 1936-ன் ‘சதி லீலாவதி’ முதல் 1950-ன் ‘மந்திரி குமாரி’ வரை அவர் பல தமிழ்ப் படங்களை இயக்கினார். சொல்லின் பொருள் தெரியாதவர் எதைக்கொண்டு வேலை செய்திருப்பார்? முகத்தையும் கையையும் நிழலையும் கொண்டுதான். போட்டிக்கு எழுதுவோர், தம் எழுத்தைத் தமிழ் தெரியாத ஒரு டைரக்டரிடம் கொடுப்பதாக எண்ணிக்கொண்டால் பாதிப் பிழை நீங்கிவிடும். வசனப் பகுதிகளையெல்லாம் ஒரு தாளால் மறைத்துக்கொண்டு எஞ்சியதை மட்டும் படித்துப் பாருங்கள். கதை விளங்கினால் அது திரைக்கதை. விளங்காவிட்டால் அது வானொலி நாடகம். அதை அதற்குரிய போட்டிக்கு அனுப்பலாம்.

திரைக்கதை என்பது யாது? கண் காண்பதையும் காது கேட்பதையும் மட்டும், இப்பொழுது நடப்பதாக, நிகழும் வரிசையில் எழுதுவதே திரைக்கதை. நினைத்தான், வருந்தினாள், உள்ளம் குமுறியது என்பவை அதில் இடம்பெறா. காமிரா உள்ளத்தைப் படம் பிடிப்பதில்லை. விதியைச் சொல்வது எளிது, கைக்கொள்வதுதான் கடினம். ஆகவே ஓர் எடுத்துக்காட்டு. சிறுகதையில் இப்படி எழுதுவோம்:

‘நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அஞ்சலை, தோட்டம் விற்கப்பட்ட பின்னும் பழக்கத்தை விட முடியாமல் தவித்தாள். இனித் தன் வாழ்வுக்கு என்ன பொருள் என்று அவள் நெஞ்சம் ஏங்கியது.’

இதையே திரைக்கதையாக்கினால்:

காட்சி 1. உள். லயத்து வீடு. விடியுமுன்.
இருட்டு. தீக்குச்சி உரசும் ஓசை. விளக்கொளியில் அஞ்சலை, வயது 60. தலையில் துணியை இறுகக் கட்டுகிறாள். காப்பியைப் போத்தலில் ஊற்றி மூடுகிறாள். பாராமலே கை நீள்கிறது; சுவர் ஆணியில் தொங்கும் மரம் வெட்டும் கத்தியை எடுக்கிறது. கதவைத் திறக்கிறாள்.

காட்சி 2. வெளி. லயத்து வாசல். தொடர்ச்சி.
எதிரே ஒரு மரமும் இல்லை. வெறும் செம்மண் வெளி. தொலைவில் மண்வாரி இயந்திரம் ஒன்று நிற்கிறது. அஞ்சலை வாசற்படியில் அமர்கிறாள். கத்தியைத் தீட்டத் தொடங்குகிறாள். தீட்டும் ஓசை மட்டும் கேட்கிறது.

‘தவித்தாள்’ என்ற சொல் இங்கே இல்லை. அந்தச் சொல்லைப் படிப்பவரே தம் உள்ளத்தில் சொல்லிக்கொள்கிறார். அவ்வாறு அவர் சொல்லிக்கொண்டால் எழுதியவர் வென்றார். ஒரு வசனமும் இன்றியே தோட்டம் போனதும், அவள் போகாததும் தெரிந்துவிட்டன. இனி அவளிடம் பேத்தி வந்து ஏதாவது பேசினால், அந்தப் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும்.

தாளில் அமைக்கும் முறையைப் பற்றிச் சில செய்திகள். ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் மூன்று செய்திகள் வேண்டும்: உள்ளா வெளியா, எந்த இடம், எந்தப் பொழுது. இது வெறும் சடங்கன்று. எத்தனை இடங்கள், எத்தனை இரவுக் காட்சிகள் என்று கணக்கிட்டுத்தான் படமுதலாளி செலவை மதிப்பிடுகிறார். ஆங்கிலத் திரைக்கதைகளை இன்றும் பழைய தட்டச்சு எழுத்தான கூரியரில், 12 புள்ளி அளவில் அச்சிடுகின்றனர். அந்த அளவில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது அவர்கள் வழக்கம். தமிழுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நம் சொற்கள் நீண்டவை. வரிகள் இடத்தை அடைக்கும். ஆகவே பக்கத்தை எண்ணுவதைவிடக் கடிகாரத்தை நம்புங்கள். ஒருவர் வசனத்தைப் படிக்க, மற்றொருவர் செயல்களை மெல்ல நடித்துக் காட்ட, மூன்றாமவர் நேரம் குறிக்கட்டும். 90 நிமிடம் என்று எண்ணி எழுதியது 140 நிமிடம் ஓடுவதை அப்பொழுது கண்டுகொள்ளலாம்.

இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமுமாகத் தாளை இரண்டாகப் பிரித்து எழுதும் பழைய முறையும் தமிழ்நாட்டில் உண்டு. போட்டி விதி எதைக் கேட்கிறதோ அதையே பின்பற்றுக. விதி ஒன்றும் சொல்லாவிட்டால், படிப்பவர் கண்ணுக்கு எது எளிதோ அதுவே சரி.

இனி நடுவரைப் பற்றி. 1988 முதல் 2019 வரை நம் பள்ளிகளில் நடைபெற்று, 2021-ல் நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வை வாசகர் அறிவர். விடைத்தாளில் மாணவன் பெயர் இராது. எண் மட்டும் இருக்கும். நல்ல திரைக்கதைப் போட்டிகளும் அவ்வாறே நடக்கின்றன. அமெரிக்க ஆஸ்கார் கழகம் 1980-களின் நடுவில் தொடங்கிய நிக்கல் உதவித் திட்டத்தில், திரைக்கதைத் தாளில் எழுதியவர் பெயர் இருத்தல் கூடாது என்பது விதியாக இருந்தது. ஆண்டொன்றுக்கு 7,000-க்கு மேற்பட்ட எழுத்துகள் வந்த காலங்களும் உண்டு. அவற்றுள் ஐந்துக்கு மிகாமல் தேர்ந்தனர். சூசன்னா கிராண்ட், எரன் குரூகர் போன்றோர் அவ்வழியே வந்தவர்கள். 2025 முதல் பொதுமக்களிடமிருந்து நேரே பெறுவதை நிறுத்தி, பல்கலைக்கழகங்கள் முதலான அமைப்புகளின் வழியாகப் பெறுகின்றனர். அத்திட்டத்தில் என்னைக் கவர்ந்தது ஒன்று உண்டு. 35,000 டாலர் வரை கொடுத்த அந்தப் பணம், எழுதி முடித்த திரைக்கதைக்கான விலையன்று. அடுத்த ஓராண்டில் மற்றொரு திரைக்கதை எழுதுவதற்கான படி. எழுத்தை விட்டு எழுத்தாளனை வாங்கும் அறிவு அது.

பெயரில்லாத தாளுக்கு நடுவரிடம் என்ன துணை? முதற் பத்துப் பக்கங்கள்தாம். ஆறாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்தியோர்க்கு இது நன்கு விளங்கும். ‘காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்’ என்று நாற்பது தாள்கள் தொடங்கும். நாற்பத்தோராவது தாளில் ஒரு சிறுமி, ‘அன்று எங்கள் வீட்டு ஆடு தொலைந்தது’ என்று எழுதியிருப்பாள். சோர்ந்துபோன ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். திரைக்கதைகளில் பொற்கதிரவனுக்குப் பதில் கடிகார மணி அடிக்கிறது, கதாநாயகன் எழுகிறான், பல் துலக்குகிறான், தாய் காப்பி கொண்டுவருகிறாள். அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு அவன் வேலையை இழக்கும் இடத்திலிருந்து தொடங்கினால் என்ன கெட்டுவிடும்? கதாநாயகன் அறிமுகப் பாட்டையும் நடுவரிடம் காட்ட வேண்டியதில்லை. அந்தப் பாட்டு நடிகருக்காகச் சேர்ப்பது. உங்களிடம் நடிகர் இல்லை.

பத்திரிகை நடத்தும் போட்டிகளுக்கும் நெடிய வரலாறு இருக்கிறது. பேசாப் படக் காலத்தில் ‘சிக்காகோ டெய்லி நியூஸ்’ நாளிதழ் ஒரு திரைக்கதைப் போட்டி நடத்தியது. வினிபிரெட் கிம்பால் என்ற பெண்மணி 10,000 டாலர் முதற் பரிசு பெற்றார். அவர் எழுத்து 1922-ல் ‘புரோக்கன் செயின்ஸ்’ என்ற படமாயிற்று. நம்மிடையே 1950, 1951-ஆம் ஆண்டுகளில் ‘தமிழ் நேச’னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். எழுதி அனுப்பியவர்களை மதிப்பிட்டுத் தரம் பிரித்து வழிகாட்டினர். 1924-ல் தோன்றிய அந்த நாளிதழ் 2019-ல் நின்றுவிட்டது. ஆனால் அந்த வகுப்பில் பயின்றோரே மலேசியச் சிறுகதைக்கு அடித்தளம் இட்டனர். திரைக்கதைக்கு அப்படியொரு வகுப்பு நமக்கு வாய்க்கவில்லை. தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி ஓரளவு அந்த வேலையைச் செய்தது. கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் அதில் பங்கு பெற்ற பின்னரே பெரும் படங்களுக்கு வந்தனர்.

எப்படி எழுதுவது என்பதைவிட எதை எழுதுவது என்பதே எனக்குப் பெருங்கவலை. நம் இளைஞர்களின் திரைக்கதைகளில் சென்னை ரவுடி வருகிறான். மதுரைப் பண்ணையார் வருகிறார். எழுதியவர் ஒருநாளும் பார்த்திராத கோடம்பாக்கத்துத் தெருவில் சண்டை நடக்கிறது. அங்குள்ளவர்கள் அதை இவர்களைவிட நன்றாக எழுதுவார்கள். நடுவரிடம் நகலுக்கு மதிப்பு ஏது?

இங்கே ஜார்ஜ் டவுனில் 1929-ல் பிறந்தவர் பி. ராம்லி. அவர் சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்குப் போனபோது மலாய்ப் படங்களை இயக்கியவர்கள் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன் போன்ற இந்தியர்கள். அவர்கள் செய்த தொண்டைக் குறைத்துச் சொல்லவில்லை. ராம்லிக்கு முதன்முதலில் கதாநாயகன் வேடம் கொடுத்ததும் 1950-ல் ‘பக்தி’ படத்தை இயக்கிய கிருஷ்ணன்தான். ஆயினும் அந்தக் காலத்துப் படங்களில் பல, இந்தியக் கதைக்கு மலாய் உடை உடுத்தியவை. 1955-ல் ராம்லி தாமே இயக்கிய முதற் படத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரு திரிஷா ஓட்டியின் வாழ்க்கையை. ‘பெனாரெக் பெச்சா’ என்று தலைப்பே அந்தத் தொழிலின் பெயர். பினாங்குத் தெருவில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஒரு மனிதனைத் திரைக்குக் கொண்டுபோனார். மக்கள் தங்களைக் கண்டனர்.

நம்மிடமும் அவ்வாறு செய்தோர் உண்டு. தீபக் குமாரன் மேனன் 2005-ல் எடுத்த ‘செம்மண் சாலை’, படிக்க விரும்பும் ஒரு தோட்டத்துப் பெண்ணின் கதை. சஞ்சய் குமார் பெருமாள் எழுதி இயக்கி 2015-ல் வெளிவந்த ‘ஜகாட்’, தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடிசைக்கு வந்த குடும்பத்துச் சிறுவனின் கதை. 2016-ல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய்ப் படங்களுக்கு ஒரு வரிசையும் பிறமொழிப் படங்களுக்கு வேறொரு வரிசையுமாகப் பிரித்ததற்குக் கலைஞர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த முறை மாற்றப்பட்டது; எல்லா மொழிக்கும் பொதுவான ‘சிறந்த மலேசியப் படம்’ விருதை ‘ஜகாட்’ பெற்றது. பிறர் நாட்டுக் கதையை நகலெடுத்த படமாக இருந்திருந்தால் அதற்காக யார் வாதாடியிருப்பர்?

தோட்டத்து வாழ்க்கை மறைந்துகொண்டே வருகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப் பள்ளிகளில் பெயரில் மட்டும் தோட்டத்தை வைத்துக்கொண்டிருப்பவை உண்டு. பள்ளி இருக்கிறது, தோட்டம் இல்லை. பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, காண்டாக் கம்பு, மங்கு, ஒட்டுப்பால் என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் விழிக்கின்றனர். அகராதியில் இச்சொற்களுக்குப் பொருள் எழுதி வைக்கலாம். ஆனால் விடியற்காலை பெரட்டில் தண்டல் பெயர் கூப்பிடும்போது, பெயர் இல்லாதவன் எங்கே கையை வைத்துக்கொண்டு நின்றான் என்பதை அகராதி சொல்லாது. அதைக் காட்சியாகத்தான் எழுத முடியும். அதைக் கண்ணால் கண்ட பாட்டிமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றனர். போட்டிக்கு எழுத நினைக்கும் பேரன் முதலில் செய்யவேண்டியது, பேனாவை மூடிவிட்டு அவரிடம் போய் உட்காருவது. “பாட்டி, நீங்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? எழுந்ததும் கை முதல்ல எதைத் தொடும்?” என்று கேட்கட்டும். “வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று கேட்டால் பெருமூச்சுதான் விடையாக வரும்.

இத்தகைய சொற்களைத் திரைக்கதையில் இட்டால் நடுவருக்கு விளங்குமா என்று சிலர் அஞ்சுகின்றனர். விளக்கம் எழுத வேண்டா. செயலோடு சேர்த்து எழுதுங்கள். ‘தோளில் காண்டாக் கம்பு, இரு முனையிலும் பால் வாளிகள், நடக்கும்போது கம்பு வளைகிறது’ என்றால் யாருக்குத்தான் விளங்காது? மலாய் மொழியில் எழுதச் சொல்லும் போட்டிகளிலும் இதுவே வழி. வசனம் மொழிபெயர்ப்பில் தேய்ந்துபோகும். வளையும் கம்பு தேயாது.

இறுதியாக, கையொப்பம் இடுமுன் கவனிக்க வேண்டியவை. என்னிடம் ஓர் இளைஞர் காட்டிய போட்டிப் படிவம் ஒன்றில், அனுப்பப்படும் எழுத்துகள் யாவும், பரிசு பெற்றாலும் பெறாவிட்டாலும், போட்டி நடத்துவோருக்கே சொந்தம் என்று சிறிய எழுத்தில் இருந்தது. அவர் அதைப் படிக்கவேயில்லை. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் வடித்த பொழுதே உரிமை எழுதியவருக்கு உண்டாகிவிடுகிறது. அவர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் அது நிலைக்கும். பிறருக்கு மாற்றிக் கொடுப்பதாயின் எழுத்து மூலம் கொடுத்தாக வேண்டும். அந்தப் படிவத்தில் இடும் கையொப்பமே அவ்வெழுத்தாகிவிடக்கூடும். ஆனால் சட்டம் காப்பது எழுதிய வடிவத்தை, கருத்தையன்று. ‘தோட்டம் விற்கப்பட்ட பின் ஒரு கிழவி’ என்பது யாருக்கும் சொந்தமில்லை. அவள் கை இருட்டில் ஆணியைத் தேடும் விதத்தை நீங்கள் எழுதிய சொற்களே உங்களுக்குச் சொந்தம். ஆகவே காப்பிக் கடையில் கதை சொல்லித் திரிவதைக் குறைத்துக்கொண்டு எழுதி முடிக்க வேண்டும். 2012 முதல் நம் அறிவுசார் சொத்துக் கழகத்தில் எழுத்தைத் தாமே அறிவித்துப் பதிந்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. பதியாவிட்டாலும் உரிமை போய்விடாது. வழக்கு என்று வரும்போது பதிவு சான்றாக உதவும்.

அனுப்பும் எழுத்தின் படியொன்று கட்டாயம் உங்களிடம் இருக்கட்டும். முதற்பக்கத்தில் பெயர் கூடாது என்று விதி சொன்னால், உள்ளே நன்றியுரையிலும் பெயர் கூடாது. தாய் தந்தையர்க்குக் காணிக்கை என்று எழுதி அகப்பட்டுக்கொண்டவர்களும் உண்டு. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு வாரத்தில் அடுத்த கதைக்குப் பாட்டியிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம்.